முக்கால்

ஷின்ச்சு நகரில் காற்றுக்கு விடுமுறை கிடையாது.
ஸ்கூட்டரைச் சாய்த்துப் பிடித்தபடிதான் வேலைக்கு வருகிறேன்.
நான்காம் மாடி, ஜன்னல் இல்லாத அறை,
அடுப்புக்குள் ஃபிளாஷ் சில்லுகள்:
ஓராண்டு மறதியைச்
சில மணி நேரத்தில் சுட்டெடுக்கிறோம்.

மறதி என்றால் வேறொன்றுமில்லை.
குழிக்குள் அடைத்து வைத்த எலக்ட்ரான்கள்
ஒவ்வொன்றாய்ச் சுவரேறி நழுவுகின்றன.
எழுதி அழித்து, எழுதி அழித்து
சுவரும் சல்லடை.
நிறைகுடமாய் வைத்தது
குறைகுடமாய்க் கைக்கு வருகிறது.
ஒன்றா, பூஜ்யமா என்றால்
‘ஒன்று மாதிரி’ என்கிறது.

ஒவ்வொரு பிட்டுக்கும் மூன்று காவலர்.
ஒவ்வொரு காவலர் வாசலிலும் முப்பது பிட்டுகள்.
எண்ணிப் பார்த்து இரட்டை என்றால் போகவிடுவார்,
ஒற்றை என்றால் உள்ளே ஒரு பொய்.
யார் பொய் என்று கண்டுபிடிக்க
பாடப்புத்தகத்தில் ஒரு கணக்கு உண்டு,
மடக்கையும் வளைகோடுமாய், அழகான கணக்கு.
அதை அப்படியே சிலிக்கானில் இறக்கினால்
சில்லில் தோசை வார்க்கலாம்.

“பாதி இடம், பாதி மின்சாரம்,”
மேலாளர் கூ சுங்-ஹான் டீயை ஊதிக்கொண்டே சொன்னார்.
“திருத்தம் மட்டும் முழுசா வேணும்.”

வெட்டினேன்.
முதலில் மடக்கையை.
முப்பது பேர் உறுதியையும் பெருக்கவேண்டாம்,
ஆகத் தயங்குகிறவன் குரல் எவ்வளவோ
அவ்வளவுதான் அந்த வாசலின் உறுதி.
அவனுக்குப் பதில் சொல்ல மட்டும்
அவனுக்கு அடுத்த தயக்கக்காரன்.
முப்பது எண்கள் போய் இரண்டே எண்கள்.

ஆனால் இப்படிக் குறுக்கியவர்கள் எல்லோரையும் போல
என் டீகோடரும் தன்னை அதிகம் நம்பியது.
கால் பங்கு கழித்தேன்.
பெருக்கல் தேவையில்லை: கம்பியை
ஓரிடம் தள்ளிப் போட்டால் அரை,
இன்னோரிடம் தள்ளினால் கால்,
கூட்டினால் முக்கால்.
யார் என்ன சொன்னாலும் முக்கால் நம்பு.
இதை என் கல்யாணத்துக்கு முன்பே
யாராவது சொல்லியிருக்கலாம்.

மூன்று மாதம் ஓடியது நன்றாக.
பிறகு அந்தப் பக்கம்.

ஐந்து பிட்டுகள். ஐந்தும் தவறு.
இரண்டிரண்டாய் ஒரே வாசலில் நுழைகின்றன,
காவலர் எண்ணுகிறார், இரட்டை, சரி, போ.
மூன்று காவலர் மட்டும் தொண்டை கிழியக் கத்துகிறார்கள்.
மாட்டிய பிட்டுக்கோ மற்ற இரண்டு காவலரும் சாட்சி.
இரண்டுக்கு ஒன்று. பெரும்பான்மை வென்றது,
பிழை நின்றது.
இருபதாவது சுற்று, நாற்பதாவது சுற்று,
அதே ஐந்து, அதே மூன்று.
இன்னும் நூறு சுற்று கொடுத்தேன்,
செக்குமாடு ஊர் போய்ச் சேருமா?

பெங் ஷாவ்-தாங் சர்வர் தலையில்
பச்சைச் சோளப்பொரிப் பொட்டலத்தை மாற்றி வைத்தான்,
பழையது காலாவதி, இயந்திரம் கோபித்துக்கொள்ளுமாம்.
பிறகு பையிலிருந்து இரண்டு மரப் பிறைகளை எடுத்தான்,
கோயிலில் சாமியிடம் கேள்வி கேட்டு வீசுவது.
“ஃபான்ஜியாங், கணக்கு முடிஞ்சா இதுதான்.”
வீசினான். ஒன்று மல்லாந்தது, ஒன்று கவிழ்ந்தது.
சாமி ஆமாம் என்கிறதாம்.
எதற்கு ஆமாம் என்று நாங்கள் இன்னும் கேட்கவே இல்லை.

சிரித்துவிட்டு உட்கார்ந்தேன்.
சிரிப்பு நின்றபோது மணி இரண்டு.

ஏழு ஃபிளிப்-ஃபிளாப், ஒரு சின்னச் சுழற்சி,
மொத்தமே ஒரு கைப்பிடிக் கேட்டுகள்.
சுற்று அசையாமல் நின்றால்
டீகோடர் தானே பிறை வீசும்,
பிறை ஆமாம் என்றால்
கத்துகிற காவலர் பக்கத்துப் பிட்
காரணமே இல்லாமல் புரளும்.

புரண்டது.
ஐந்து நான்கானது, ஆறானது, (கை நடுங்கியது)
மூன்று, ஒன்று,
காவலர்கள் ஒவ்வொருவராய் வாய் மூடினார்கள்.
பூஜ்யம்.

அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது, தெரியாது.
பூட்டிக் கலைத்த தரவு, சாவி எங்களிடம் இல்லை.
யாரோ ஒருவரின் வரிக்கணக்காக இருக்கலாம்.
யாரோ அழிக்க நினைத்து மறந்ததாகவும் இருக்கலாம்.

கீழே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பினேன். அதே காற்று.
அடுப்பை அணைத்தேனா?
முக்கால் நிச்சயம்.
திரும்ப மாடி ஏறினேன்.